ஓகே-வை வாழவெச்சது தேர்தல்தான்!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

'ஓகே'ங்கிற சொல்லை வாழவெச்சது பத்திரிகையா, தேர்தலா? தேர்தல்தான்.

எதிரணி நண்பர் ஒரு போடு போட்டாரு: "1840 அமெரிக்க அதிபர் தேர்தல்ல, அப்ப அதிபரா இருந்த வான் பியூரன் தோத்துட்டாரு. நாற்காலியையே காப்பாத்தத் தெரியாதவர் ஒரு சொல்லைக் காப்பாத்தினாரா?" தட்டினீங்க. பதிலுக்கும் தட்டணும்!

1839 மார்ச் 23. பாஸ்டன் மார்னிங் போஸ்ட், இரண்டாம் பக்கம். ஆசிரியர் சார்லஸ் கார்டன் கிரீன், பிராவிடன்ஸ் ஊர்ப் பத்திரிகையை வம்புக்கு இழுத்துக்கிட்டே 'ஓ.கே.'ன்னு எழுதி, பக்கத்துலயே 'ஆல் கரெக்ட்'னு விளக்கமும் போட்டாரு. முறையா எழுதினா ஏ, சி-ன்னுதானே வரணும்? வேணும்னே ஓ, கே ஆக்கினாங்க. 'எல்லாம் சரி'ங்கிறதையே தப்பா எழுதுறதுதான் அதுல வேடிக்கை! அந்தக் காலத்து பாஸ்டன்ல இது ஒரு மோகம். 'ஆல் ரைட்'டுக்கு ஓ.டபிள்யூ.ன்னு எழுதினாங்க.

எதிரணியைக் கேக்குறேன், அந்த ஓ.டபிள்யூ. எங்கய்யா? அதே ஊர், அதே பேனா, அதே வேடிக்கை. பத்திரிகைதான் வாழவெச்சதுன்னா அதுவும்ல இன்னிக்கு நம்ம வாயில இருக்கணும்?

ஓ.கே.க்கு மட்டும் என்ன கிடைச்சுது? ஒரு வேட்பாளர் கிடைச்சாரு! வான் பியூரன் பிறந்த ஊர் நியூயார்க் மாநிலத்துல கிண்டர்ஹுக். 'ஓல்டு கிண்டர்ஹுக்'னு அவருக்குப் பட்டப்பேர். முதலெழுத்தைப் பாருங்க, ஓ, கே! ஆதரவாளர்கள் ஓகே கிளப்பே தொடங்கிட்டாங்க. எதிர்த்து நின்ன விக் கட்சிக்காரங்க விடுவாங்களா? 'கேஷ்'ஷையும் கே போட்டு எழுதி, ஓகேன்னா 'அவுட் ஆஃப் கேஷ்', அதாவது கையில காசில்லைன்னு திருப்பிப் போட்டாங்க. வான் பியூரனுக்கு முன்னாடி அதிபரா இருந்த ஜாக்சனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, ஓகேன்னு கிறுக்கினதே அவர்தான்னு கட்டுக்கதையும் கிளப்பிவிட்டாங்க. வாழ்த்தினவன் வாயிலயும் ஓகே, வைதவன் வாயிலயும் ஓகே! நண்பரே, வான் பியூரன் தோத்தாரு, ஒத்துக்கிறேன். அவரைத் தோக்கடிச்சவனும் அந்தச் சொல்லைச் சொல்லித்தானே தோக்கடிச்சான்?

ஜெயிச்ச ஹாரிசன் பதவியேத்து ஒரே மாசத்துல இறந்துட்டாரு. தோத்தவர் 1862-ல அதே கிண்டர்ஹுக்ல கண்ணை மூடினாரு. ஓகே பிறந்த கதையே மறந்துபோயி, ஆலன் வாக்கர் ரீட்ங்கிற பேராசிரியர் பழைய பத்திரிகைகளைப் புரட்டிப் புரட்டி 1963-64-ல வெளியே கொண்டுவர வேண்டியிருந்துச்சு.

இன்னிக்கு ராத்திரி எங்கயோ வெளியூர்ல ஒரு பொண்ணு விடுதிக்குள்ள நுழைஞ்சதும் வீட்டுக்கு ரெண்டே எழுத்து அனுப்புவா. அதுக்காகத்தான் இங்க ஒரு அம்மா சாப்பிடாம காத்திருப்பா. அந்தத் தாய்க்கு அந்த ரெண்டெழுத்தைக் கொண்டாந்து சேர்த்தது எங்க தேர்தல், ஐயா! தீர்ப்பை எங்க பக்கம் சொல்லுங்க. வணக்கம்.