மழை வாய்ப்பு 80 சதவீதமாம், பேட்டரிக்கு அதனால் என்ன?

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கொஞ்சம் கடுப்பில்தான் கேமராவை ஆன் செய்திருக்கிறேன். நேற்று ராத்திரி போனில் இருக்கிற வானிலை ஆப் ‘நாளை மழை வாய்ப்பு 80 சதவீதம்’ என்று காட்டியது. அதைப் பார்த்ததும் அம்மை, வீட்டுச் சோலார் பேட்டரியைக் கரண்டில் முழுசாக ஏற்று என்று ஒரே பிடிவாதம். 2017 ஒக்கிப் புயலில் நாள்கணக்காக இருட்டில் கிடந்த வீடு, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. சரி என்று ஏற்றினேன்.

காலையில் பார்த்தால் நம் குமரி மாவட்டக் குலசேகரத்தில் சுள்ளென்று வெயில்! பேட்டரியில் இடமில்லை, மிச்சக் கரண்டை லைனுக்கு அனுப்பிக் கணக்கு வைக்க நம்மிடம் நெட் மீட்டரும் கிடையாது. இன்வெர்ட்டர் என்ன செய்யும்? பேனலை அடக்கிவிட்டது. மூன்று கிலோவாட் பேனல் பகல் முழுக்க ஒரு ஃப்ரிட்ஜையும் இரண்டு ஃபேனையும் ஓட்டிக்கொண்டு சும்மா கிடந்தது. மழை வந்தது சாயங்காலம் நாலரைக்கு.

எரிச்சல் என்னவென்றால், ஆப் சொன்னது பொய்யும் இல்லை. நாளில் எப்போதாவது மழை விழுமா என்பதுதான் அந்தச் சதவீதம். துலாவர்ஷத்தில், அதாவது வடகிழக்குப் பருவமழையில், நம் பக்கம் மதியம் வரை வெயிலடித்து, அப்புறம்தானே மலையில் இடி முழங்கும்? பேட்டரிக்கு வேண்டியது மணிவாரியான மேகக் கணக்கு. நான் பார்ப்பது விண்டி என்ற வானிலை ஆப். தாழ்ந்த மேகம், நடு மேகம், உயர்ந்த மேகம் என்று பிரித்துக் காட்டும். உயரத்தில் மெல்லிசாகப் படர்ந்திருந்தால் நான் கண்டுகொள்ளவே மாட்டேன், வெயில் ஊடுருவி வந்துவிடும். காலை ஒன்பதிலிருந்து இரண்டு வரை தாழ்ந்த மேகம் மூடிக் கிடந்தால்தான் ஆபத்து. எடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை நாட்களில் அதுதான் கதை.

பேட்டரி அளவைப் போனிலேயே பார்க்க ஒரு கேபிள் வாங்கினேன், அதைச் சொல்லியே ஆகவேண்டும். ஒரு பக்கம் நெட் கேபிள் முனை, மறுபக்கம் யூஎஸ்பி. நாகர்கோவிலில் ஒரு கடையில் 850 ரூபாய் என்றார்கள். ‘ஒரிஜினல் சார்.’ ஒன்றரை மீட்டர் வயர் மக்களே! பேரம் பேசினேன், 820க்கு வந்தார்கள். அந்த முப்பது ரூபாய்க்கு ஏதோ தர்மம் செய்கிற முகம் வேறு. வெளியே வந்து ஆன்லைனில் 310க்கு வாங்கினேன். அதே கேபிள், அதே கறுப்பு நிறம். முனைக்குள் இருக்கிற கம்பிகளின் வரிசை மாறுமோ என்று பயந்தேன், மாட்டியதும் ஓடிவிட்டது. அன்றைக்கு எனக்குத் தீபாவளி.

ஆங், ஒன்றை விட்டுவிட்டேன். ஆப்பில் இடத்தைக் ‘கன்னியாகுமரி’ என்று வைக்காதீர்கள். முனையில் மழை குறைவு, மலையை ஒட்டிய பேச்சிப்பாறை பக்கம் கூடுதல். உங்கள் ஊரையே தேடி வையுங்கள்.

இன்வெர்ட்டரில் நான் மாற்றுவது, பேட்டரியை எதிலிருந்து ஏற்றுவது என்று சொல்லும் 16ஆம் செட்டிங் மட்டும். மறுநாள் வெயில் என்றால் ஓஎஸ்ஓ, அதாவது சோலார் மட்டும். ராத்திரியில் பேட்டரி 30 சதவீதம் வரை இறங்கட்டும், காலை வெயிலுக்கு இடம் வேண்டுமே. மேகம் என்றால் எஸ்என்யு, கரண்டும் சேர்ந்து ஏற்றும். உங்கள் மாடலில் எண் வேறாக இருக்கலாம், புத்தகத்தைப் பாருங்கள். ராத்திரி ஏற்றினால் நம் வீட்டு மீட்டரில் சலுகை ஒன்றும் கிடையாது. இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண ஸ்லாப்பே மாறிவிடும். அதனால் சும்மா ஏற்றாதீர்கள்.

நாளைக்கு இரண்டு மணி வரை வானம் தெளிவாகத்தான் காட்டுகிறது. ஓஎஸ்ஓவில் போட்டுவிட்டேன். அம்மையிடம் இன்னும் சொல்லவில்லை.