ஆளில்லாத இடத்தில் மூன்று மாத டெஸ்ட்: பதிவு நின்றுபோகாமல் இருக்க என்ன வழி?

அடுத்த கேள்வி கொஞ்சம் நீளம், சுருக்கிச் சொல்கிறேன். மலைமேல் ஒரு சோலார் பம்பில் மூன்று மாத டெஸ்ட் வைத்திருக்கிறார்கள். அதிர்வு, வெப்பநிலை, கரண்ட் எல்லாம் சேர்த்து 16 சேனல் (ஒரு சென்சாருக்கு ஒரு உள்ளீடு), ஒவ்வொன்றிலும் வினாடிக்கு 500 அளவுகள். ஒரு லேப்டாப், சென்சார் அளவுகளை லேப்டாப்புக்குள் கொண்டுவர யுஎஸ்பியில் ஒரு டேட்டா அக்விசிஷன் கார்டு, பதிவாக ஒரு பெரிய பென் டிரைவ், தூரத்திலிருந்து பார்க்க 4ஜி டாங்கிள். நான்காம் நாள் பதிவு நின்றுவிட்டது. இரண்டு வாரம் கழித்து ஆள் போனபோதுதான் அது தெரிந்தது. "நிற்காமல் ஓட எந்த லேப்டாப் வாங்கலாம்?" என்று அதை நடத்தும் ஒருவர் கேட்கிறார்.

லேப்டாப்பை மாற்றினால் இது தீராது. எந்தக் கருவியும் மூன்று மாதத்தில் ஒரு தடவையாவது நிற்கும் என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். நின்றால் தானாக எழுந்திருக்குமா? எழவில்லை என்றால் எத்தனை மணி நேரத்தில் உங்களுக்குத் தெரியவரும்? நான்காம் நாள் நின்றது ஒரு கோளாறு, அவ்வளவுதான். அது இரண்டு வாரம் யாருக்கும் தெரியாமல் இருந்ததில்தான் டெஸ்டே போனது.

சரி, ஏன் நான்காம் நாள்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 16 சேனல், வினாடிக்கு 500, ஒரு அளவுக்கு 2 பைட் என்றால் வினாடிக்கு 16,000 பைட். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 1.38 ஜிபி. பென் டிரைவ் ஃபேட் 32 என்ற பழைய ஃபார்மேட்டில் இருந்தால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. டிரைவில் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் சரி, அந்த ஃபைல் அத்துடன் முடிந்தது. மூன்று நாள் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் அந்த அளவை எட்டிவிடும். அதாவது நான்காம் நாள். இதுதான் காரணம் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சத்தியம் செய்ய மாட்டேன். விண்டோஸ் அப்டேட் போட்டுத் தானாக ரீஸ்டார்ட் ஆகியிருக்கலாம், மின்சாரம் மிச்சம் பிடிக்கிறேன் என்று யுஎஸ்பியை அணைத்திருக்கலாம். ஆனால் முதலில் அந்த ஃபைலின் அளவைப் பாருங்கள். சரியாக 4 ஜிபியில் நிற்கிறது என்றால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

மணிக்கு ஒரு ஃபைல் என்று பிரித்து, முடிந்ததும் மூடிவிடச் சொல்லுங்கள். ஒன்று கெட்டாலும் ஒரு மணி நேரம்தான் போகும். அவற்றை நாள்வாரியாகத் தனித்தனி ஃபோல்டரில் போடுங்கள், பழையதை அவ்வப்போது வேறு இடத்துக்கு மாற்றுங்கள். ஃபைல்கள் கண்டபடி சேர்ந்தாலும் ஆபத்துதான். செவ்வாயில் இறங்கிய நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி 2004 ஜனவரியில், இறங்கி மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், அதில்தான் மாட்டிக்கொண்டது. ஃபிளாஷ் நினைவகத்தில் ஃபைல்கள் குவிந்து, அவற்றைக் கையாளப் போதுமான நினைவகம் இல்லாமல் திரும்பத் திரும்ப ரீபூட் ஆகிக்கொண்டே இருந்தது. ஃபிளாஷைத் தொடாமல் எழுந்திரு என்று பூமியிலிருந்து கட்டளை அனுப்பித்தான் மீட்டார்கள். அப்படி ஒரு வழியை முன்கூட்டியே வைத்திருந்தார்கள் பாருங்கள், அதுதான் வேலை தெரிந்தவர்களின் லட்சணம்.

லேப்டாப்பை என்ன செய்வது? பதிவு செய்யும் வேலையை அதனிடமிருந்து பிடுங்கிவிடுங்கள். கம்ப்யூட்டர் இல்லாமல் தானே அளந்து பதிவு செய்யும் டேட்டா லாகர் கருவியை வாங்க முடியாவிட்டால் வாடகைக்கு எடுங்கள். அதில் புரோகிராம் உள்ளேயே இருக்கும், கரண்ட் வந்த உடனே விட்ட இடத்திலிருந்து தொடரும். கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்றால், கரண்ட் திரும்பியதும் தானாக ஆன் ஆகும் அமைப்பு பயாஸில் (கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் அடிப்படை புரோகிராமில்) உள்ளதாக எடுங்கள். பல லேப்டாப்களில் அது இருக்காது. ஹேங் ஆனால் தானாக ரீசெட் செய்ய ஹார்டுவேர் வாட்ச்டாக் என்ற காவல் சர்க்யூட் இருக்க வேண்டும்.

மலைக்கு அனுப்பும் முன்பு ஆபீஸிலேயே, ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். அரை மனதோடு ஒரு தடவை செய்தால் போதாது. ஃபைல் எழுதும் நேரத்தில் பிடுங்குங்கள், உடனே மாட்டுங்கள், ஒரு ராத்திரி முழுக்க விட்டு மாட்டுங்கள். சோலார் பேட்டரியில் இதைவிட மோசமான ஒன்று உண்டு. மேகமூட்டமான காலையில் வோல்டேஜ் லேசாக ஏறும், கருவி எழும், எழுந்த பளுவிலேயே வோல்டேஜ் விழும், அணையும், மறுபடி எழும். இப்படிப் பத்து தடவை தடுமாறினால் மெமரி கார்டு தாங்காது. 12 வோல்ட் பேட்டரி என்றால் 11.5-க்குக் கீழே துண்டித்து, 12.6 வந்த பிறகே சேர்க்கும் கட்-ஆஃப் போடுங்கள்.

ஒத்திகையை ஒரு வாரத்தோடு நிறுத்தாதீர்கள். மில்லி வினாடியை 32 பிட்டில் எண்ணும் கவுண்டர் 49.7 நாளில் நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்கு வரும். விண்டோஸ் 95 அப்படித்தான் உறைந்து நின்றது. ஆர்டுயினோ என்ற சின்ன கண்ட்ரோலர் போர்டில் சொந்தமாகக் கோட் எழுதுபவர்கள் இதில் விழுந்துகொண்டே இருக்கிறார்கள். போயிங் 787-லும் 248 நாள் தொடர்ந்து இயங்கினால் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக் கருவிகள் நின்றுவிடலாம் என்று 2015-ல் அமெரிக்க விமானத் துறை எச்சரித்தது. ஐம்பது நாள் ஒத்திகைக்கு யாருக்கும் பொறுமை இல்லை, தெரியும். அதனால் வாரம் ஒரு தடவை, குறித்த நேரத்தில் கருவியை நாமே ரீஸ்டார்ட் செய்துவிடுவது நல்லது. ஒரு நிமிடப் பதிவு போகும், போகட்டும்.

நின்றது எப்படித் தெரியும்? பலர் "கோளாறு வந்தால் மெசேஜ் அனுப்பு" என்று வைப்பார்கள். செத்த கருவி எப்படி மெசேஜ் அனுப்பும்? மணிக்கு ஒரு தடவை "நான் இருக்கிறேன்" என்று அது சொல்ல வேண்டும். இரண்டு தடவை வராவிட்டால் உங்கள் பக்கத்து சர்வர் உங்களை எழுப்ப வேண்டும். அந்தச் செய்தியிலேயே பேட்டரி வோல்டேஜ், பெட்டிக்குள் வெப்பநிலை, மீதமுள்ள இடம், கடைசி ஃபைலின் பெயர் எல்லாம் வரட்டும். சாதாரண சிம்முக்கு வெளியிலிருந்து நேரடியாக நுழைய முடியாது, அதனால் கருவிதான் வெளியே வந்து பேச வேண்டும். அப்புறம் அந்த சிம்முக்கு ரீசார்ஜ் எப்போது முடிகிறது என்று பாருங்கள்! 84 நாள் பிளான் போட்டுவிட்டு 90 நாள் டெஸ்ட் ஓட்டினால், கடைசி வாரத்தில் எல்லாம் நன்றாக ஓடும், உங்களுக்கு மட்டும் ஒன்றும் தெரியாது.

கடிகாரம்: அதை ஓட்டும் சாதாரண குவார்ட்ஸ் கிரிஸ்டல் நாளுக்கு 1.7 வினாடி வரை விலகலாம், மூன்று மாதத்தில் இரண்டரை நிமிடம். ஜிபிஎஸ் நேரம் எடுத்தால் தீர்ந்தது. பெட்டியை நிழலில் வையுங்கள், கேபிள் நுழையும் ஓட்டையை அடைத்துவிடுங்கள், பல்லியும் எறும்பும் அங்கேதான் குடிவரும்.

லாகரையே சரிபார்க்க ஒரு சேனலை ஒதுக்க முடிந்தால் ஒதுக்குங்கள். பிடி 100 (0 டிகிரியில் 100 ஓம் காட்டும் பிளாட்டினம் வெப்பநிலை சென்சார்) சேனல்களில் ஒன்றில் சென்சாருக்குப் பதில் துல்லியமான 100 ஓம் ரெசிஸ்டரை மாட்டுங்கள். அது எப்போதும் 0 டிகிரி காட்ட வேண்டும். மதியம் பெட்டி சூடாகும்போது அது 0.4 என்று காட்டினால் விலகுவது உங்கள் லாகர். பம்பில் ஒன்றும் ஆகவில்லை, சென்சாரைக் கழற்றிக்கொண்டு மலை இறங்க வேண்டாம்.