ஆறு சதவீதம், எதில்?

நேயர்களுக்கு வணக்கம். திருகோணமலை மாவட்டத்தில் ஒரு வலயக் கல்வி அலுவலகத்தில் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கல்விக்கு அரசாங்கம் செலவழிக்கும் காசைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். காலை நேரத்தில் கணக்குப் பேசினால் சனம் ரேடியோவை மூடிவிடும் என்றேன். பரவாயில்லை ஐயா, பேசுங்கள் என்றார்கள். சரி, பேசுகிறேன்.

2012ஆம் ஆண்டு பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் மூன்று மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தது உங்களுக்கு நினைவிருக்கும். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்கு என்பதுதான் அவர்களின் பெரிய கோரிக்கை. அதற்குப் பிறகு அந்த ஆறு தேர்தல் மேடைகளிலும் ஏறிவிட்டது. நியாயமான கோரிக்கைதான். யுனெஸ்கோவும் 4 முதல் 6 சதவீதம் என்றுதான் சொல்கிறது. ஆனால் கணக்குப் பார்த்துப் பழகியவனுக்கு முதலில் வரும் கேள்வி, எதில் ஆறு?

நாடு முழுவதும் உழைத்து 100 ரூபாய் உண்டாக்குகிறது என்று வையுங்கள். அந்த நூறும் அரசாங்கத்தின் கையில் இல்லை. வரியாகவும் தீர்வையாகவும் வருவதுதான் அதன் கைக்காசு. 1990 அளவில் அந்த நூறில் 20 ரூபாய்க்கு மேல் அரசாங்கத்துக்கு வந்தது. 2019 கடைசியில் வற் வரியை 15இலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள், வேறு வரிகளையும் வெட்டினார்கள், பின்னால் கொரோனாவும் வந்தது. 2021, 2022 ஆண்டுகளில் வந்தது ஏறத்தாழ 8 ரூபாய். எட்டில் ஆறைக் கல்விக்குக் கொடுத்தால் மிச்சம் இரண்டு. அந்த இரண்டுக்குள்தான் ஆஸ்பத்திரி, கடனுக்கு வட்டி, பொலிஸ், பசளை எல்லாம். என் ஓய்வூதியமும் அதற்குள்தான்! வற் இப்போது 18 சதவீதம். வருமானமும் 2024இல் 13 ரூபாயைத் தாண்டியது. நாம் கடையில் முணுமுணுத்துக்கொண்டு கொடுத்த காசு அது.

முன்பு எப்படிச் சமாளித்தார்கள்? 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் நம் துறைமுகத்தில் குண்டு போட்டன. அடுத்த ஆண்டே கல்வி மந்திரி கன்னங்கரா தலைமையிலான கல்விக் குழுவின் அறிக்கை வெளிவந்தது, 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. யுத்தத்தின் நடுவே இப்படி ஒரு திட்டத்தை யோசித்தார்கள் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். தேயிலை, இறப்பர், தெங்கு ஏற்றுமதித் தீர்வை அந்தக் காலத்து அரசாங்கத்தின் பெரிய வருமானம். 1960களில் கல்விச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. 2010களில் அது 2 சதவீத அளவுக்கு இறங்கிவிட்டது.

இந்த இறக்கம் நம் கண்ணில் படாததற்குக் காரணம் உண்டு. 1980இல் இலவசப் பாடநூல் வந்தது, 1993இல் சீருடைத் துணி வந்தது. பிள்ளையின் கைக்கு வருவது கூடிக்கொண்டே போனது. ரூபாய்க் கணக்கும் ஒவ்வொரு வருடமும் கூடத்தான் செய்தது, விலைவாசி ஏறும்போது கூடாமல் என்ன செய்யும்?

அப்படியென்றால் வெட்டு எங்கே விழுந்தது? ஒரு பங்கு ஆசிரியரின் சம்பளத்தில். 2021இல் ஆசிரியர்களும் அதிபர்களும் மாதக்கணக்கில் இணையவழிக் கற்பித்தலைப் புறக்கணித்தது அதற்காகத்தான். மற்றப் பங்கு நான் மேசையில் இருந்து பார்த்தது. மாகாணப் பாடசாலைகளுக்கான காசு திறைசேரியிலிருந்து மாகாணத்துக்கு வந்து, அங்கிருந்து வலயத்துக்கு வரும். சம்பளத்தை நிறுத்த முடியாது, மாதாமாதம் போட்டே ஆக வேண்டும். கொழும்பில் காசு தட்டுப்பட்டால் கை வைப்பது மூலதனச் செலவில், அதாவது கூரை, கிணறு, மலசலகூடம், ஆய்வுகூடம் இவற்றில்.

ஜனவரியில் ஒதுக்கீட்டுக் கடிதம் வரும். கடிதத்தை வங்கியில் மாற்ற முடியாது. கட்டுநிதி, அதாவது செலவழிக்கத் திறைசேரி உண்மையில் விடுவிக்கும் பணம், வந்தால்தான் காசு. சில வருடங்களில் அது நவம்பரில் வந்தது. நவம்பர் என்றால் நமக்கு வாடைமழை. ஓட்டைக் கழற்றிப் போட்டு வேலை செய்ய எந்தக் கொந்தராத்துக்காரர் வருவார்? டிசம்பர் 31 முடிந்தால் செலவழியாத ஒதுக்கீடு செத்துப்போகும். ஆனால் பாதீட்டுப் பேச்சைக் கேட்டவருக்கு அந்தப் பாடசாலைக்குக் கூரை போட்டாயிற்று. அதிபர் தொலைபேசியில் கேட்பார், "ஐயா, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை எங்கே இருத்துவது?" அதற்கு என் பேரேட்டில் பதில் இருந்ததில்லை.

இன்னொன்று, கல்விச் செலவு எல்லாம் கல்வி அமைச்சின் தலைப்பில் வருவதும் இல்லை. 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்பட உயிர்கள் போயின. பாலத்தில் கட்டுமான வேலை நடந்துகொண்டிருந்தது, அதனால் மிதவையில் போனார்கள். பாலத்தின் செலவு வீதிக் கணக்கில் வரும். அந்தப் பிள்ளைகளுக்கு அதுதான் வகுப்புக்குப் போகும் வழி.

அப்புறம், அரசாங்கம் விட்ட இடத்தை நிரப்புவது யார்? நாங்கள்தான். ரியூசன் காசு, வான் காசு, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக் காசு. உவர்மலையில் நான் இருக்கும் ஒழுங்கையில் பின்னேரம் நான்கு மணிக்கு விளையாடும் பிள்ளை ஒன்றையும் காணேன், எல்லாம் ரியூசனில். டவுன் பாடசாலையில் மின்விசிறி பழுதென்றால் பெற்றோர் ஒரு கூட்டம் போட்டு வாங்கிவிடுவார்கள். ஈச்சிலம்பற்றில் நாள்கூலிக்குப் போகும் தகப்பனிடம் எந்தச் சங்கம் கேட்கும்? தேசிய சராசரி 2 சதவீதம் என்றால் அந்த வெட்டு எல்லோருக்கும் சமம் போலத் தெரியும். டவுனில் அதைப் பெற்றோரின் பணப்பை தாங்கிக்கொள்கிறது, அங்கே பிள்ளை தாங்குகிறது. இதை நான் எந்த அறிக்கையிலும் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

ஆகவே அடுத்த பாதீட்டில் எத்தனை சதவீதம் என்று வானொலியில் சொல்லும்போது நானும் கேட்பேன். ஆனால் எனக்கு வேண்டிய இலக்கம் வேறு, போன வருடத்து ஒதுக்கீட்டில் எத்தனை ரூபாய் எந்த மாதத்தில் வலயத்துக்கு வந்து சேர்ந்தது என்பது. ஓகஸ்டுக்கு முன் வந்திருந்தால் கூரை ஏறியிருக்கும்.