மருந்தும் தீயும்

எல்லாருக்கும் வணக்கம். வெடிமருந்துன்னு நாம சொல்றோம்ல, சீனாக்காரங்களும் அதைத் தீமருந்துன்னுதான் சொல்றாங்க, வெடிக்கிற சாமானுக்கு ரெண்டு ஊர்லயும் எப்படி மருந்துன்னு பேரு வந்துச்சோ தெரியல. அந்த மருந்தை வெச்சுப் படம் வரையுற சீன ஓவியர் சாய் குவோச்சியாங் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

1957-ல சீனாவுல சுவான்ஜோங்கிற ஊர்ல பொறந்தவரு. அந்தக் காலத்துலயே நம்ம வியாபாரிங்க கப்பல்ல போய் 1281-ல தமிழ்க் கல்வெட்டு வெட்டி வெச்ச அதே துறைமுகம்தான். அப்பா தீப்பெட்டி மேல குட்டிக் குட்டியா படம் வரைவாராம், பையன் அந்தப் பெட்டிக்குள்ள இருக்குற சமாச்சாரத்தைப் புடிச்சுக்கிட்டாரு பாருங்க. ஷாங்காய்ல படிச்சது நாடக மேடை டிசைன், ஆனா கேன்வாஸ்ல மருந்தைத் தூவி, திரி வெச்சு, பத்தவெச்சு, கருகுன தடத்தையே ஓவியமாக்கினாரு. ஒருநாள் கேன்வாஸே எரிய ஆரம்பிச்சிருச்சு, பாட்டி ஈரச் சாக்கை எடுத்து மேல போட்டு அமுக்கிட்டாங்க. பத்தவெக்கிறதைவிட அணைக்கிறதுதான் முக்கியம்னு பாட்டிகிட்டதான் கத்துக்கிட்டேன்னு இவரே சொல்லியிருக்காரு.

1986-ல ஜப்பானுக்குக் குடிபோனாரு, 1995-ல நியூயார்க்குக்கு. நடுவுல 1993-ல சீனப் பெருஞ்சுவர் முடியுற எடத்துலேர்ந்து கோபி பாலைவனத்துல பத்து கிலோமீட்டருக்குத் திரி போட்டு நெருப்பாலேயே சுவரை நீட்டினாரு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ்ல வானத்துல காலடி காலடியா வந்த வாணவேடிக்கையும் இவரோடதுதான், டிவியில நாம பார்த்த காலடியில பெரும்பாலானது கம்ப்யூட்டர் வேலைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. 2025-ல திபெத்துல இமயமலை மேல போய் வாணவேடிக்கை வெடிச்சு, அங்க இருக்குற புல் பூண்டெல்லாம் என்னாகும்னு ஜனங்க திட்டி, மன்னிப்பு கேட்டாரு. அந்த ஈரச் சாக்கை அன்னைக்கு மறந்துட்டாருன்னுதான் எனக்குத் தோணுது.

ஆனா ஏணியை மட்டும் சொல்லாம விட முடியாது. வானத்துக்கு ஒரு நெருப்பு ஏணி, 1994-ல இங்கிலாந்துல காத்து கெடுத்துச்சு, 2001-ல ஷாங்காய்லயும் 2012-ல லாஸ் ஏஞ்சல்ஸ்லயும் அனுமதி கைநழுவிப் போச்சு. 2015 ஜூன்ல சொந்த ஊர்ப் பக்கம் ஒரு மீனவத் தீவுல, விடியறதுக்கு முன்னாடி, யார்கிட்டயும் பெருசா சொல்லிக்காம, பெரிய ஹீலியம் பலூன்ல 500 மீட்டர் ஏணியைத் தொங்கவிட்டுக் கீழேர்ந்து பத்தவெச்சாரு, படி படியா எரிஞ்சுக்கிட்டே மேல ஏறுச்சு. நூறு வயசுப் பாட்டிக்காகச் செஞ்சது. படுக்கையில இருந்த பாட்டி அதை செல்போன்ல பார்த்தாங்க. ஒரு மாசம் கழிச்சுப் போய்ச் சேர்ந்துட்டாங்க.