அறுத்துப் போட்ட கம்பியும் அமெரிக்காவை இழுத்து வந்த தந்தியும்

[திரையில்: ஆங்கிலக் கால்வாய். சேறு வழியும் ஒரு தடித்த கம்பி கடலிலிருந்து மேலே வருகிறது.]

1914 ஆகஸ்ட் 5. பிரிட்டன் ஜெர்மனி மீது போர் அறிவித்துச் சில மணி நேரம்தான் ஆகிறது. ஒரு பிரிட்டிஷ் கேபிள் கப்பல், கடலடியில் கிடந்த ஜெர்மனியின் தந்திக் கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்து வெட்டிப் போடுகிறது.

அன்றைய கடலடிக் கம்பிகளில் பெரும்பகுதி பிரிட்டிஷ் கம்பெனிகளுடையது. பம்பாய்ப் பருத்தி விலையும் அமெரிக்கக் கோதுமை விலையும் லண்டன் வியாபாரிக்கு அன்றன்றே தெரிய வேண்டுமே! கம்பிக்கு மேலுறை, மலேயாக் காட்டு மரங்களின் பிசின். அதற்காக வெட்டிச் சாய்த்த மரங்களுக்குக் கணக்கில்லை.

சரி, கம்பி போன ஜெர்மனி என்ன செய்தது? கம்பியில்லாத் தந்தி இருந்தது. ஆனால் அதை யார் வேண்டுமானாலும் ஒட்டுக் கேட்கலாம். அப்போது நடுநிலை வகித்த அமெரிக்காவின் அதிபர் வில்சன், சமாதானப் பேச்சுக்கு உதவட்டும் என்று தன் தூதரகத் தந்தி வழியையே ஜெர்மனிக்குத் திறந்துவிட்டார். கம்பியை அறுத்ததில் பிரிட்டனுக்குப் பெரிய லாபம் இதுதான் என்பேன்: ஜெர்மனி இனி அடுத்தவர் கம்பியில்தான் பேசியாக வேண்டும்.

[வரைபடம்: பெர்லின், கோபன்ஹேகன், லண்டன், வாஷிங்டன்]

வழியைப் பாருங்கள். நடுவில் லண்டன்!

1917 ஜனவரியில் ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ஸிம்மர்மான் இந்த வழியில் ஒரு சங்கேதத் தந்தி அனுப்பினார். வாஷிங்டனில் இருந்த ஜெர்மன் தூதர் மூலம் அது மெக்சிகோவுக்குப் போக வேண்டும். சேதி இதுதான்: அமெரிக்கா போரில் இறங்கினால் மெக்சிகோ எங்களோடு சேரட்டும், டெக்சாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனாவை மீட்டுக்கொள்ளட்டும். அமெரிக்காவின் கம்பியிலேயே அமெரிக்காவைக் கூறுபோடும் பேச்சு!

லண்டனில் பிரிட்டிஷ் கடற்படையின் சங்கேதம் உடைக்கும் பிரிவான 'அறை எண் 40' அந்தச் சங்கேதத்தை அவிழ்த்துவிட்டது. ஆனால் வெளியே சொன்னால், அமெரிக்காவின் கம்பியிலும் காது வைத்தது அம்பலமாகும். திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். அப்புறம் ஒரு வழி கிடைத்தது. வாஷிங்டனிலிருந்து மெக்சிகோவுக்கு அதே சேதி சாதாரண வணிகத் தந்தியாகப் போயிருந்தது. அங்கே அதன் நகலைக் கைப்பற்றி, அங்கேதான் கிடைத்தது என்று காட்டிக்கொண்டார்கள்.

மார்ச் 1 அன்று அமெரிக்கப் பத்திரிகைகளில் தந்தி வெளிவந்தது. போலி என்று பலர் அடித்துச் சொன்னார்கள். ஸிம்மர்மான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மார்ச் 3 அன்று, தான் அனுப்பியதுதான் என்று அவரே ஒத்துக்கொண்டார்! நீர்மூழ்கிக் கப்பல் தாக்குதல்களால் ஏற்கெனவே கொதித்துப்போயிருந்த அமெரிக்கா, ஏப்ரல் 6 அன்று போரில் இறங்கியது.

மெக்சிகோவா? யோசித்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டது.