எண்பதுகள் என்றால் கண்ணாடி உருண்டையா?

வணக்கம் உறவுகளே. மேசைமேல் இருப்பது என்னவென்று இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். டூ இன் ஒன்! ரேடியோவும் கேசட்டும் சேர்ந்தது, இரண்டு பக்கமும் ஸ்பீக்கர், கைப்பிடிகூட உடையவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில் பீங்கான் ஜாடிகளுக்கு நடுவே கிடந்தது. அந்தத் தெருவில் நான் எப்படிப் பேரம் பேசுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். கடைக்காரர் 4,000 என்றார். நான் 1,500 என்றேன். "அண்ணே, இது சிங்கப்பூர்ச் சரக்கு" என்றார். "சிங்கப்பூரோ சிராவயலோ, பாடுமா?" என்றேன். பிளக்கை மாட்டினார். ரேடியோ கரகரத்தது, கேசட் அசையவே இல்லை. பிடித்துக்கொண்டேன். ஓடாத கேசட்டுக்கு எதற்கு முழு விலை? அவர் 3,000-க்கு இறங்கினார், நான் செருப்பை மாட்டினேன். 2,500 என்றார், நான் வாசற்படி இறங்கினேன். 2,200-இல் முடிந்தது. இந்த ஆண்டின் மிகச் சிறந்த பேரம் இதுதான், சந்தேகமே இல்லை.

வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால், உள்ளே ரப்பர் பெல்ட் தாராக இளகிச் சக்கரத்தில் அப்பிக்கொண்டிருக்கிறது. மோட்டாரின் சுழற்சியை நாடா ஓடும் அச்சுக்குக் கொண்டுபோவது அந்தப் பெல்ட்தான். அது கொஞ்சம் தொய்ந்தாலும் பாட்டு இழுபடும். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்துத் துடைத்து நகக்கண் எல்லாம் கறுப்பு, பாருங்கள். புதுப் பெல்ட் வெறும் 60 ரூபாய். 60 ரூபாயில் ஓடுகிறது!

சரி, இப்போது எதற்கு இது? கோபத்தில் வாங்கினேன். போன வாரம் இங்கே ஒரு பெரிய வீட்டில் அறுபதாம் கல்யாணம். தம்பதிக்கு எண்பதுகளில் திருமணம் ஆனதால், பிள்ளைகள் ஆசைப்பட்டு வளவு (வீட்டின் நடு முற்றம்) முழுக்க 'எண்பதுகள்' அலங்காரம் செய்யச் சொல்லியிருந்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அலங்காரக்காரர் என்ன செய்திருந்தார் தெரியுமா? தேக்குத் தூணுக்குத் தூண் பெல்பாட்டம் படம். அது எழுபதுகளின் சரக்கு, எண்பதுகள் பிறந்தபோது கரையேறிக்கொண்டிருந்தது. நடுவில் வண்ண விளக்கோடு ஒரு டிஸ்கோ கண்ணாடி உருண்டை. மேசையில் பேஜர்! பேஜர் இந்தியாவுக்கு வந்ததே 1995-இல். பார்க்கப் பார்க்க எனக்குப் பந்தியில் உட்காரவே மனம் வரவில்லை. எண்பதுகள் ஏதோ வெளியூரிலிருந்து லாரியில் வந்து இறங்கியது போலவும், காரைக்குடி வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்தது போலவும் ஓர் எண்ணம் பரவியிருக்கிறது. அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

எண்பதுகளில் தமிழ்நாடு கொண்டாடியதில் ஒரு பெரும் பங்கு நம் மண்ணிலிருந்து கிளம்பிப் போனது. 1980-இல் வந்த முரட்டுக்காளையை எடுத்துக்கொள்ளுங்கள். தயாரித்தது ஏவி.எம்., இயக்கியவர் எஸ்.பி.முத்துராமன், எழுதியவர் பஞ்சு அருணாசலம். ஏவி.எம்.மைத் தொடங்கிய ஏவி.மெய்யப்பச் செட்டியார் காரைக்குடிக்காரர், முத்துராமனும் காரைக்குடி, பஞ்சு அருணாசலம் நம் பக்கத்துச் சிறுகூடல்பட்டி. ரஜினி மாடு பிடிக்கிறவர் என்று மதுரைக்குத் தெற்கிலிருந்து வடாற்காடு வரை நம்ப வைத்தது இந்தக் கூட்டணி. 1982-இல் சகலகலா வல்லவன், மறுபடியும் அதே கூட்டணி, இந்த முறை கமல். டிசம்பர் 31 நள்ளிரவில் இன்றைக்கும் ஊரெங்கும் அலறுகிற புத்தாண்டுப் பாட்டு அந்தப் படத்தில்தான் இருக்கிறது. அலங்காரக்காரர் ஒலிபெருக்கியில் அதைத்தான் போட்டார். எந்த ஊர்க்காரர்கள் எடுத்த படம் என்று யாருக்கும் தோன்றவில்லை!

ஒன்றை விட்டுவிட்டேன். 1947-இல் வந்த 'நாம் இருவர்' படத்தை எடுத்தபோது ஏவி.எம். ஸ்டுடியோ கோடம்பாக்கத்தில் இல்லை. இங்கே, தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டுத்தான் எடுத்தார்கள். பிறகுதான் சென்னை.

கண்ணதாசனைச் சொல்லாமல் போக முடியுமா? சிறுகூடல்பட்டியில் பிறந்தவர், 1981 அக்டோபர் 17 அன்று சிகாகோவில் இறந்தார். அவர் எழுதிய கடைசித் திரைப்பாட்டு 'கண்ணே கலைமானே'. அது இடம்பெற்ற மூன்றாம் பிறை திரைக்கு வந்தது 1982-இல். எழுதியவர் போய்ச் சேர்ந்த பிறகு பாட்டு நம் தெருவுக்கு வந்தது. எங்கள் அப்பத்தா அந்தப் பாட்டு வந்தால் மட்டும் அடுப்பைத் தணித்து வைப்பார், "நம்ம பிள்ளை பாட்டு" என்பார். சினிமாவே பிடிக்காதவர் அவர்.

பாட்டு எங்கள் வீட்டுக்குள் வந்த வழி இலங்கை வானொலி. பி.எச்.அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' நேரத்தில் எங்கள் தெருவில் யாரும் கடைக்குப் போகமாட்டார்கள். 1982 பிப்ரவரியில் இலங்கையின் ரூபவாஹினி தொலைக்காட்சி தொடங்கியதும் ஆன்டெனா கம்பத்தைப் பாய்மரம் போல உயர்த்தித் தென்கிழக்கே திருப்பினோம். அப்பச்சி (அப்பா) மச்சில் நின்று குழாயைத் திருகுவார், வளவிலிருந்து "தெரிகிறது, தெரிகிறது, போய்விட்டது!" என்று கத்துவது என் வேலை. சிங்களச் செய்தி ஒரு சொல் புரியாது, ஆனாலும் பார்த்தோம்.

அந்த ரேடியோப் பெட்டியில்தான் 1983 ஜூன் 25-ஆம் தேதி லார்ட்ஸில் உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதியில் நாம் 183 ரன் எடுத்து, மேற்கிந்தியத் தீவுகளை 140-இல் சுருட்டியதைக் கேட்டுத் தெருவில் வெடி போட்டோம். ஒரு மாதம் கழிந்தது. கொழும்பில் தமிழர்களின் வீடும் கடையும் எரிந்தன. அதே பெட்டியைச் சுற்றி அதே பெரியவர்கள், இரவில் பிபிசி தமிழோசைக்காகக் காத்திருந்தார்கள். நம் பக்கத்தில் பல குடும்பங்களுக்கு அக்கரையில் ஆள் இருந்தது. அன்றைக்கு என் அப்பச்சி சாப்பிடவில்லை. இதைக் கண்ணாடி உருண்டைக்குக் கீழே எங்கே வைப்பது, சொல்லுங்கள்?

பர்மாவும் அப்படித்தான். 1987 செப்டம்பரில் அங்கே 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். மாற்றித் தரவும் இல்லை. பிறகு 45, 90 என்று புது நோட்டு அடித்தார்கள், ஒன்பதால் வகுபட வேண்டுமாம்! அடுத்த வருடம், 8-8-88 அன்று, ரங்கூன் தெருவில் மக்கள் இறங்கினார்கள். எங்கள் ஐயா (தாத்தா) ரங்கூனில் வட்டிக்கடைப் பெட்டியடியில் கணக்கெழுதியவர். பத்திரிகையை இரண்டு முறை படித்துவிட்டு, "ஒரு நோட்டை நம்பித்தானே ஒருவன் நாள் முழுக்க உழைக்கிறான்" என்று பொருமிக்கொண்டே இருந்தார்.

அதனால் ஒரு வேலை வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் பழைய பர்மா நோட்டு, பத்திரம், அந்தக் காலத்துக் கேசட் எது கிடந்தாலும் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். யாருடையது, எந்த ஊர் என்று சேர்த்து எழுதுங்கள். தேவகோட்டை, கண்டனூர், புதுவயல்காரர்கள் முந்திக்கொள்ள வேண்டும். அடுத்த வீடியோ முழுக்க அதுதான்.