ஆறுதல் சொன்னபோது ஆகாசு அசையவில்லை

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். 'திருவருகைக் காலத்தில் நம்மைப் பெரிதும் தயார்செய்வது இறைவாக்கினரின் ஆறுதலா, கண்டிப்பா?' என்பது தலைப்பு. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன் வரும் ஆயத்தக் காலமே திருவருகைக் காலம். கண்டிப்பே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தோழி, இறைவாக்கினர் எசாயாவின் நூலில் 40ஆம் அதிகாரத்தை எடுத்தார். "ஆறுதல் கூறுங்கள், என் மக்களுக்குக் கனிமொழி கூறுங்கள்" என்று அவர் வாசித்தபோது எனக்கும் நெஞ்சு நெகிழ்ந்தது. ஆனால் அந்தச் சொல் யாருக்கு வந்தது? ஆலயம் இடிந்து, பாபிலோனுக்குக் கைதிகளாய்ப் போனவர்களுக்கு. அடிபட்டு விழுந்தவரை அதட்டக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். புதுத்துணி எடுத்து, வாசலில் நட்சத்திரம் கட்டி, கேக்குக்குச் சொல்லிவைத்திருக்கும் நாம் பாபிலோனிலா இருக்கிறோம்? அதோடு, தோழி இரண்டாம் வசனத்தோடு நிறுத்திக்கொண்டார். மூன்றாம் வசனத்திலேயே வேலை வந்துவிடுகிறது: ஆண்டவருக்கு வழியை ஆயத்தமாக்குங்கள். அடுத்து, பள்ளம் நிரம்ப வேண்டும், மலை தாழ வேண்டும்.

சரி, இயேசுவின் பிறப்பைக் குறிப்பதாக நாம் கொள்ளும் இம்மானுவேல் வாக்குக்கு வருவோம். 'கடவுள் நம்மோடு' என்பது அந்தப் பெயரின் பொருள். இளம்பெண் ஒரு மகனைப் பெற்று அவருக்கு இம்மானுவேல் என்று பெயரிடுவார் என்ற வாக்கு எப்போது பிறந்தது? கி.மு. 735 வாக்கில் ஆராம் என்ற சிரியாவும் வடநாட்டு இஸ்ரயேலும் கைகோத்து, யூதா நாட்டின் தலைநகர் எருசலேம்மீது வருகின்றன. காற்றில் காட்டு மரங்கள் ஆடுவதுபோல யூதா அரசன் ஆகாசின் உள்ளம் நடுங்குகிறது. வண்ணார் துறைக்குப் போகும் பாதையில், மேல்குளத்துக் கால்வாய் முனையில், தன் மகனையும் கூட்டிக்கொண்டு எசாயா அவனைச் சந்திக்கிறார். முதலில் அவர் சொன்னது ஆறுதல்தான்: "அமைதியாய் இரு, அஞ்சாதே." அரசன் அசையவில்லை. பிறகு ஓர் அடையாளம் கேட்கச் சொன்னபோது, "ஆண்டவரைச் சோதிக்க மாட்டேன்" என்று பக்தியாகப் பேசி நழுவுகிறான். ஆலயத்து வெள்ளியையும் பொன்னையும் அசீரிய அரசனுக்கு அனுப்பி உதவி கேட்டவன் இவன். அப்போதுதான் எசாயாவுக்குக் கோபம் வருகிறது. மனிதரின் பொறுமையைச் சோதித்தது போதாதா, என் கடவுளின் பொறுமையையும் சோதிக்க வேண்டுமா என்கிறார். அது ஏழாம் அதிகாரம், 13ஆம் வசனம். இம்மானுவேல் 14ஆம் வசனம். கண்டித்த அதே மூச்சில் வந்த வாக்கு அது, நடுவர் அவர்களே!

மீட்பர் பெத்லகேமிலிருந்து வருவார் என்று சொன்ன இறைவாக்கினர் மீக்காவும் அப்படித்தான். பிறர் வயலையும் வீட்டையும் ஆசைப்பட்டுப் பறித்தவர்களைச் சாடிய வாய் அது.

அப்புறம், இயேசுவுக்கு முன்னோடியாக வந்த திருமுழுக்கு யோவான். திருவருகைக் கால இரண்டாம் ஞாயிறு எந்த ஆண்டு வந்தாலும் திருப்பலியின் நற்செய்தி வாசகத்தில் அவர் வந்து நிற்பார். குடில் கட்டும்போது ஒட்டகத்துக்குக்கூட இடம் பார்க்கிறோம், ஒட்டக மயிராடை உடுத்திய அவருக்கு வைப்பதில்லை. எனக்கு அது ஒரு குறையாகவே படுகிறது. "விரியன் பாம்புக் குட்டிகளே" என்று அவர் கூப்பிட்டபோது அந்தக் கூட்டம் எழுந்து போய்விடவில்லை. "அப்படியானால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டது. இரண்டு அங்கி இருந்தால் இல்லாதவருக்கு ஒன்றைக் கொடு என்றார். வரி தண்டுபவர் வந்தார். குறித்ததற்கு மேல் வாங்காதே. படைவீரர் வந்தார், மிரட்டிப் பணம் பறிக்காதே, சம்பளம் போதும் என்றிரு.

ஆறுதல் கேட்ட ஆகாசு இப்படி ஒரு கேள்வியைக் கேட்கவே இல்லை. கண்டிப்பைக் கேட்ட கூட்டம் கேட்டது. அதை மனத்தில் வைத்துத் தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களை வேண்டி அமர்கிறேன். நன்றி, வணக்கம்.